இரண்டாவது இழுப்பறையில் சிவப்பு விளக்கு

செப்டம்பர் 27, சனி

இன்றைக்குக் கோத்தகிரியில் யார் வீட்டிலும் இல்லாத ஒரு பொருள் என் வீட்டுக்கு வந்தது. கோத்தகிரி என்ன, நீலகிரி மாவட்டத்திலேயே கலெக்டர் ஆபீசைத் தவிர வேறெங்கும் இருக்காது.

பார்க்கச் சின்னதுதான். கறுப்புப் பெட்டி, இரண்டு ரொட்டியை நிமிர்த்தி வைத்த உயரம். முன்பக்கம் இரண்டு இழுப்பறை. ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க்கைச் செருகி, இன்டர்நெட் டப்பாவோடு வயரால் சேர்த்துவிட்டால், வீட்டிலுள்ள எந்த போனிலிருந்தும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் போட்டு வைக்கலாம், எடுக்கலாம். ஒரு டிஸ்க் கெட்டால் இன்னொன்றில் அச்சாக அதே சரக்கு இருக்கும். கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸைக் காலி செய்தபோது, ஒரு டிஸ்க்கோடு சேர்த்துப் பிடித்தேன். விற்றவர் நான் பெட்டியைத் தட்டிப் பார்த்த தினுசைக் கண்டு, "சார் இன்ஜினியருங்களா?" என்றார். பெரிய மனிதர் சொல்வதை மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

கனகம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அப்பளம் போட்டு வைக்கற டப்பாவாட்ட இருக்குது" என்றாள். பத்தாவது பாஸ் செய்தவள் பேச்சு இது. நான் எட்டாவதோடு நின்றேன் என்றால், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

பெட்டி எனக்காக இல்லை. என் அக்கா மகள் பூவிழிக்காக. விடியும்போது காட்டுப் பறவைகள் போடும் சத்தத்தைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தங்கி, ஒரு நாள் தவறாமல் சோலை ஓரத்துக்குப் போய் அரை மணி நேரம் பதிவு செய்துகொண்டு வருகிறாள். அத்தனை விடியலும் கையகல டிஸ்க் ஒன்றில் இருக்கிறது. பிரதி இல்லை. அவளுடைய பேராசிரியை கேள்விப்பட்டுத் திட்டியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டது இன்னொரு சாதாரண டிஸ்க், அவ்வளவுதான். முப்பது வருடம் மைக் செட் போட்டு, எட்டு ஊர்த் திருவிழாவை ஒற்றை ஆம்ப்ளிஃபயரில் நடத்திய நாச்சிமுத்து சாதாரணத்துக்கு இறங்குவானா?

செப்டம்பர் 29, திங்கள்

பூவிழி நாளைக்குக் கோவைப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறாள். பன்னிரண்டு நாள் வேலை. கம்ப்யூட்டரையும், டிஸ்க்கை நிறுத்தி வைத்துப் படிக்கும் தொட்டில் மாதிரியான கருவியையும் எடுத்துப் போகிறாள். பஸ் ஆட்டத்தில் கெட்டுவிடும் என்று டிஸ்க்கை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்குப் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள்.

"மாமா, அந்தப் பெட்டியோட வந்த டிஸ்க்க மட்டும் போட்டுப் பாருங்க. என்னோடதத் தொடாதீங்க. நான் வந்து காப்பி பண்ணிக்கறேன்."

"ஏங்கண்ணு, மாமன் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையெல்லாம் இருக்குது மாமா. அதனாலதான் சாவிய அத்தைகிட்டக் குடுத்திருக்கேன்."

பிறகு சன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டே, "பன்னண்டு விடியல் ஓட்டை விழுது. அதுதான் கஷ்டமா இருக்குது" என்றாள்.

நான் போய்ப் பதிவு செய்து தருகிறேன் என்றேன்.

"நீங்க அரை மணி நேரம் பேசாம நிக்கோணும் மாமா."

சமையலறையில் கனகம் சிரித்த சிரிப்பில் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

பூவிழிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, மணி, இடம், வானிலை, கேட்கும் பறவை எத்தனை என்று சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிவிட வேண்டும். "எதிர்ல இருக்கறத மட்டும் சொல்லோணும். ஒரு குருவி கத்துனா ஒண்ணுன்னு சொல்லோணும்" என்றாள். எவ்வளவு வறண்ட படிப்பு!

செப்டம்பர் 30, செவ்வாய்

பஸ் ஏற்றிவிட்டேன். பனி எவ்வளவு அடர்த்தி என்றால், வளைவு வருவதற்கு முன்பே பஸ் கரைந்து போயிற்று. ஹாரன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக மலை இறங்கிப் போனது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆம்ப்ளிஃபயர், நான்கு குழாய் ஸ்பீக்கர், டேப் ரெக்கார்டர், ஸ்க்ரூ டிரைவர் பதினாறு (கனகம் ஆறு என்பாள், எண்ணத் தெரியாது), அவளுடைய தையல் மிஷின், கிரைண்டர், அரிவாள்மனை, எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தோம். நடுவில் புதுப் பெட்டி. பட்டத்து யானை மாதிரி நின்றது.

விளக்கு எடுக்கப் பீரோச் சாவி வாங்கினேன். உள்ளே பூவிழியின் டிஸ்க் ஒரு துணியில் சுற்றி ஓரமாகக் கிடந்தது. அத்தனை கருவியும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இரண்டு வருடம் உழைத்த கருவி இருட்டில் கிடக்கலாமா? எடுத்து வந்தேன்.

"ஏனுங்க, அந்தப் புள்ள தொடாதீங்கன்னு சொல்லுச்சல்லங்க?"

"தொடல. கும்புடறேன்."

கருவிக்கு முகம் எதுவோ அங்கேதான் பொட்டு வைக்க வேண்டும். அது தெரிந்தவன் நான். டிஸ்க்கின் ஒரு முனையில் தங்கப் பல் வரிசை மின்னுகிறது. பல் இருக்கும் இடம்தானே முகம்? சந்தனத்தைக் குழைத்து நன்றாக ஒரு தீற்று, அதன் மேல் குங்குமம். அம்சமாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி அன்று ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொழில் வருடம் முழுக்கப் படுத்துக்கொள்ளும். இது எங்கள் தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆம்ப்ளிஃபயரை ஒரு நிமிடம் பாட வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகினேன். கனகம் தையல் மிஷினில் ஒரு கோடு ஓட்டினாள்.

மிச்சம் இருந்தது பூவிழியின் டிஸ்க். ஓட்டாமல் விட்டால் அவள் படிப்புக்கு ஆகுமா? அவள் நன்மைக்குத்தான். முதல் இழுப்பறையில் பழைய டிஸ்க், இரண்டாவதில் அவளுடையது. லேப்டாப்பில் பெட்டியின் பக்கம் திறந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி ஏதோ எழுதி, எஸ்ஸா நோவா என்று கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக நான் எதற்கும் நோ சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு இரண்டாவது இழுப்பறையில் சிவப்பு விளக்கு. திரையில் "டிஸ்க் செட்டப் ஃபெயில்டு". கடைசிச் சொல் எனக்கு எட்டாவதிலிருந்து நல்ல பழக்கம்.

மைக் செட்டுக்காரன் அசருவானா? அணைத்துப் போட்டேன். எஸ். சிவப்பு. வயரை மாற்றினேன். எஸ். சிவப்பு. இழுப்பறைகளை மாற்றிச் செருகினேன். எஸ். சிவப்பு விளக்கும் அந்த டிஸ்க்கோடு பக்கம் மாறியது. திருப்பிப் பழைய இடத்திலேயே வைத்து, பெட்டியை லேசாகத் தட்டி, மறுபடி எஸ். மொத்தம் ஐந்து. வேறொருவன் என்றால் முதல் தடவையிலேயே விட்டிருப்பான்.

அக்டோபர் 3, வெள்ளி

பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெசிந்தாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பாள். என்னிடம் தொழில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள்தான்.

இரண்டாவது இழுப்பறையில் தன் டிஸ்க் ஒன்றைச் செருகிப் பார்த்தாள். பச்சை விளக்கு.

"பெட்டி நல்லாத்தான் இருக்குது நாச்சியண்ணா. உங்க டிஸ்க்லதான் கோளாறு. கொண்டாங்க, பாக்கலாம்."

"கொண்டாரேன், கொண்டாரேன்."

"யாரோடது?"

"எல்லாம் நம்மளுதுதான்."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பழையபடி மாட்டினேன். அதே பக்கம், அதே இரண்டு வரி. கனகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஏனுங்க, டிஸ்க்குல இருக்கற எல்லாத்தையும் அழிச்சிரும்னு போட்டிருக்குது. அழிக்கட்டுமான்னு கேக்குது. நீங்க எதை அழுத்துனீங்க?"

மதியம் இட்லி நான்கு சாப்பிட்டேன்.

இல்லை. சாப்பிடவில்லை.

அக்டோபர் 4, சனி

டாக்டர் என்னை நடக்கச் சொல்லி ரொம்ப நாளாகிறது. இன்றைக்குத்தான் தோன்றியது. விடிவதற்குள் சோலை ஓரம் வரை நடந்தேன். பேச்சுத் துணைக்கு டேப் ரெக்கார்டர் கையில் இருந்தது. பேட்டரி புதிது. கேசட் பழைய திருவிழா கேசட், அதன் மேல் ஏதோ சும்மா பதிந்தேன். ஆயிரக்கணக்கில் பறவைகள். காது கிழிந்தது.

மைக்கும் ரெக்கார்டரும் சேர்ந்து இவ்வளவு கனக்கும் என்று மறந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

நடை.

பேசாமல் நின்றால் முதலில் தொண்டை அரிக்கும். பிறகு காது அரிக்கும். பத்து நிமிடம் போனால் அரிப்பெல்லாம் அடங்கி, பனி இலையில் சேர்ந்து சொட்டுவது கேட்கிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ரொம்ப இடம் இருக்கிறது. அங்கே ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம்.

பிறகு எங்கிருந்தோ ஒரு சீட்டி. வேலை வெட்டி இல்லாத ஒருத்தன் பாட்டை மறந்துவிட்டு, நினைவிருக்கும் வரைக்கும் சீட்டி அடிக்கிற மாதிரி. அது ஒரு குருவியாம். பூவிழி சொல்லியிருக்கிறாள். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சத்தம் போட்டிருக்கிறேன். இந்தச் சத்தம் நான் இருந்த மலையிலேயே இருந்திருக்கிறது.

மத்தியானம் கண்ணயர்ந்தேன். பெட்டியின் இழுப்பறையை இழுக்கிறேன், இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வருகிறது. உள்ளே பனி. பனிக்குள் மரங்கள். ஒரு மரத்திலும் ஒன்றும் உட்காரவில்லை. நான் எஸ் எஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று தேயிலைச் சரிவில் காட்டெருமை. பத்தடி தூரம். லாரி உயரம். வேறொருவன் என்றால் செத்திருப்பான். நான் அசையவில்லை. அதன் கண்ணை நேராகப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்தது. யார் பெரியவன் என்று புரிந்துகொண்டு, தலையைத் தாழ்த்தி வணக்கம் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போய்விட்டது.

கனகம், "செருப்பு ஒண்ணு எங்கீங்க?" என்றாள். தேய்ந்த செருப்பு, நானே தூக்கி எறிந்தேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பூவிழி போன் செய்தாள்.

"மாமா, பெட்டி வேலை செய்யுதா?"

"அது பாட்டுக்குக் கோயில் காளையாட்ட நிக்குது கண்ணு. பச்சை விளக்கு ஜொலிக்குது."

"ரெண்டு விளக்குமா?"

"ரெண்டு என்ன, நாலு விளக்கு!"

"பேராசிரியைகிட்ட இன்னைக்குப் பேசுனேன் மாமா. ரெண்டு வருசத்து விடியலும் ஒண்ணு விடாம இருக்கறது வேற யார்கிட்டயும் இல்லயாம். அதுக்காகவே பட்டம் குடுக்கலாம்னு சொன்னாங்க."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் மிக நன்றாக இருந்தது.

கனகம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "சொல்லீருங்க" என்றாள். "போன்ல வேண்டாம். நேர்ல."

அவளுக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 8, புதன்

மழை. ரெக்கார்டருக்குக் குடை பிடித்தேன். எனக்கு இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

தும்மல். கனகம் மிளகு ரசம் வைத்தாள், திட்டவில்லை. திட்டாத கனகத்தோடு ஒரே வீட்டில் இருப்பது சிரமம்.

மத்தியானம் பழைய திருவிழாக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். அதன் மேல்தானே சனிக்கிழமை பதிந்தேன். சீட்டிக் குருவிக்குக் கீழே, ரொம்பத் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி என் குரல்: "மாரியம்மன் கோயில் அருகில் காணாமல் போன சிறுமி..." ஆக, அழித்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். நாடாவில் தங்கினால் டிஸ்க்கில் தங்காதா?

பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்துக் காதில் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல ஒரு சத்தம், மழை ரொம்பத் தள்ளிப் பெய்கிற மாதிரி. அது என் காதின் சத்தமாகவும் இருக்கலாம். அப்படியே உட்கார்ந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே பனி வந்து நின்றது, உள்ளே வந்தது, கட்டிலின் கால்களை மறைத்தது. வீடு எங்கோ கிளம்பிப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கனகம் வந்து டிஸ்க்கை வாங்கித் துணியில் சுற்றி வைத்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

கூப்பிடாமலே ஜெசிந்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். கனகம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டிஸ்க்கைக் கையில் வாங்கியதுமே, "இதென்னண்ணா?" என்றாள். தங்கப் பல் வரிசை மேல் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது.

"பொட்டு" என்றேன்.

"டிஸ்க்குக்கு எங்க பொட்டு வெச்சிருக்கீங்க! நாங்க கூட வண்டிக்கு மந்திரிச்சு மாலை போடுவோம், இஞ்சினுக்குள்ள போட மாட்டோம். இது வழியாத்தான பெட்டியும் டிஸ்க்கும் பேசிக்கும்? சந்தனம் வழி விட்டாத்தான?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பென்சில் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். முக்கால் மணி நேரம். தங்கம் திரும்ப மின்னியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கை இரண்டாவது இழுப்பறையில் தள்ளினாள்.

சிவப்பு மினுக்கி, பச்சை ஆயிற்று.

எட்டு நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்த பச்சை. தென்னங்குருத்துப் பச்சை. திரையில் அதே இரண்டு வரி வந்தது. எஸ்ஸா, நோவா.

"ஓடிரும்ண்ணா இப்ப. அழுத்தட்டுமா?"

அழிந்தது அழிந்ததுதான். ஐந்து எஸ்ஸுக்கு மேல் ஆறாவது எஸ் என்ன செய்துவிடும்? செட்டப் ஆகிவிட்டால், அவள் வரும்போது பெட்டியாவது இரண்டு பச்சை விளக்கோடு நிற்கும். நான் சொன்ன பொய்யில் பாதி மெய்யாகிவிடும். ஜெசிந்தாவின் விரல் மேலே நின்றது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏண்ணா?"

"அது எம்பட டிஸ்க் இல்ல. பூவிழியோடது. தொடாதேன்னு சொல்லீட்டுப் போச்சு. கேக்காம இனி ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஜெசிந்தா நோவை அழுத்தி, பெட்டியை அணைத்து, டிஸ்க்கை எடுத்துத் துணியில் வைத்தாள். போகும்போது, "காபி நல்லாருக்குதுக்கா" என்று கனகத்திடம் சொன்னாள். காபி கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் தோசை. என் தட்டில் நெய் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அக்டோபர் 11, சனி

எட்டாவது கேசட்.

நாளைக்கு வருகிறாள். மூன்று கதை தயார் செய்திருக்கிறேன். ஒன்று, இடி விழுந்தது. இரண்டு, வோல்டேஜ் ஏறிவிட்டது. மூன்று, சன்னல் வழியாகக் குரங்கு வந்து எஸ் அழுத்திவிட்டுப் போனது. மூன்றில் குரங்குதான் எடுப்பாக இருக்கிறது. அதற்கு வாலில் ஒரு தழும்பு கூட வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் ஒன்பதாவது கேசட். மாலை நான்கு மணிக்கு அவள் வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலிலேயே, "மாமா! பெட்டி எங்க?" என்றாள்.

கனகம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

குரங்கு என்று வாயைத் திறந்தேன். குரங்கு வரவில்லை.

"அம்மிணி, நீ தொடாதேன்னு சொன்னதத் தொட்டுட்டேன். அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. படிக்கத் தெரியல. தெரியலைன்னு ஒத்துக்கவும் முடியல. எஸ் அழுத்துனேன். அஞ்சு தடவ அழுத்துனேன். போச்சு கண்ணு. ரெண்டு வருசமும் போச்சு."

அவள் குடையை மடக்கவில்லை. வீட்டுக்குள் குடை விரித்தபடி நின்றாள். ரொம்ப நேரம். பேசாமல் நிற்கும் நேரத்தை அளக்க எனக்கு இப்போது தெரியும். நான்கு நிமிடம் இருக்கும்.

பிறகு பையிலிருந்து கம்ப்யூட்டரையும் தொட்டிலையும் எடுத்தாள். கனகம் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். தொட்டிலில் நிறுத்தினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியை நான்தான் அடித்தேன், கோணலாக.

சீட்டி கேட்டது.

பாட்டை மறந்துவிட்டவனின் சீட்டி. பிறகு இலைச் சொட்டு. பிறகு பூவிழியின் குரல், இரண்டு வருடத்துக்கு முந்தியது, தூக்கக் கலக்கத்தோடு தேதி சொல்கிறது.

"இருக்குது மாமா" என்றாள். "எல்லாமே இருக்குது."

வரிசை வரிசையாகத் தேதிகள் திரையில் ஏறிக்கொண்டே போயின. கனகம் சந்தனக் கதையைச் சொன்னாள். பூவிழி டிஸ்க்கை எடுத்து அதன் பல் வரிசையைத் தடவிப் பார்த்தாள்.

"பெட்டியால இதத் தொடவே முடியல மாமா. சந்தனம் நடுவுல நின்னிருக்குது. அதனாலதான் அஞ்சு தடவையும் சிவப்பு வந்திருக்குது. அழிக்கப் போயி முடியாம திரும்பியிருக்குது." டிஸ்க்கைத் துணி மேல் வைத்தாள். "ஜெசிந்தாக்கா சுத்தம் பண்ணுன பொறகு அழுத்துனீங்களா?"

"இல்ல."

"ஏன்? அழிஞ்சுருச்சுன்னுதான நெனச்சீங்க?"

"உன்னக் கேக்கல இல்ல."

அப்போதுதான் அழுதாள். குடை இன்னும் விரித்தபடியே பக்கத்தில் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் ஜெசிந்தா கடைக்குப் போய், ஒரு பாதுகாப்புக்காகத்தான் சந்தனம் பூசினேன், அது பழைய மைக் செட்டுக்காரர்களின் முறை என்று விளக்கினேன். கடையில் நாற்பது பேர் இருந்தார்கள். (நான்கு.) ஜெசிந்தா சிரித்துக்கொண்டே ஜெராக்ஸ் எடுத்தாள்.

சாயங்காலம் பூவிழி அலமாரியில் ஒன்பது கேசட்டைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்ததை மறந்துவிட்டேன்.

"இதென்ன மாமா?"

"நடைப் பயிற்சி" என்றேன்.

போட்டாள். தடுக்க முடியவில்லை. முதல் கேசட்டில் நான், மேடைக் குரலில்: "அக்டோபர் நாலு! எழில் கொஞ்சும் நீலமலைச் சாரலிலே ஆயிரக்கணக்கான பறவைகள் கூடி நிற்க..." பூவிழி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவதில் பத்து நிமிடம் அமைதி. பிறகு ஒரு மூச்சு, பெரிய விலங்கின் மூச்சு. பிறகு என் குரல்: "ஐயோ கனகா! கனகா!" செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடி, பாதியில் ஒற்றைச் செருப்புச் சத்தமாகி, தேய்ந்து போகிறது. அதற்குப் பிறகு மைக் கீழே கிடந்து இருபது நிமிடம் பறவைகளைப் பதிந்திருக்கிறது. மிகத் தெளிவாக.

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "முப்பத்திரண்டு வருசத்துல எம் பேர இத்தன ஆசையாக் கூப்பிட்டதே இல்லீங்க."

ஐந்தாவதில் மழை. மழைக்குள்ளே, மைக் அருகில் இருப்பதை மறந்து, ஒரு ஆள் முணுமுணுக்கிறான்: "பாடு சாமி, பாடு. இன்னுங் கொஞ்சம் பாடு. பொண்ணு வந்தா என்னன்னு சொல்லுவேன்." பூவிழி அதை நிறுத்தவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

ஒன்பதாவதில் தேதி, மணி, இடம், பனி என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு ஆள் நிஜமாகவே பேசாமல் இருக்கிறான். அரை மணி நேரம். நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"பன்னண்டு நாள் ஓட்டைல ஒம்பது அடைஞ்சிருச்சு மாமா. நாலாந் தேதியிலிருந்து. ஆராய்ச்சில சேத்துக்கறேன். பதிந்தவர்னு உங்க பேர் போடோணும்." பிறகு, "காட்டெருமைய வெட்டீரலாமா?" என்றாள்.

கனகம், "அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள்.

பெட்டிக்குப் புதிதாக ஒரு டிஸ்க் வரப்போகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு வரியைத் தமிழில் சொல்லி, பிறகுதான் எஸ் அழுத்துவதாக ஏற்பாடு. அழுத்துவது நான்.

அக்டோபர் 14, செவ்வாய்

பூவிழியோடு போனேன். அவளுடைய ரெக்கார்டர். தொடக்கம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தாள். சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

காலை ஐந்து ஐம்பது. சோலை ஓரம். பனி, காற்றில்லை. ஒரு குருவி.

இரண்டு என்றுதான் எழுத வந்தது. அடித்துவிட்டேன். ஒன்றுதான்.